சனிக்கிழமை வகுப்புக்கு வந்த அறுபது பேர் பதினொரு பேராகிவிட்டார்கள்: எங்கே தவறு செய்கிறோம்?

காவிரிப்பாலம் எழுதியது:

வணக்கம். திருச்சியில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருப்பவர்கள் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணி செய்ய வேண்டும். வளாகத்தில் பார்த்தீனியம் பிடுங்கியும் பேரணியில் பதாகை பிடித்தும் அந்த நேரத்தைக் கழித்துவிடுவதுதான் வழக்கம். இந்த ஆண்டு நாங்கள் ஏழு பேர் உருப்படியாக ஏதாவது செய்யலாம் என்று கிளம்பினோம். துறையூரைத் தாண்டி, பச்சைமலை அடிவாரத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. சனிக்கிழமை காலையில் சத்திரம் பேருந்து நிலையத்தில் ஏறி, துறையூரில் இன்னொரு பஸ் மாறினால் பத்தரைக்குப் போய்விடலாம். பிளஸ் டூ மாணவர்களைக் கல்லூரிக்குத் தயார்படுத்துவது எங்கள் நோக்கம்.

முதல் வாரம் அறுபது பேர் வந்தார்கள். என்னென்ன படிப்புகள் இருக்கின்றன என்று திரையில் படம் காட்டிப் பேசினோம், கைதட்டினார்கள். இரண்டாம் வாரம் முப்பத்தெட்டு, மூன்றாம் வாரம் இருபது, போன வாரம் பதினொன்று. அணிகள், நுண்கணிதம், ஆங்கிலத்தில் பேசும் பயிற்சி என்று இரவெல்லாம் உட்கார்ந்து தயாரித்துக்கொண்டு போகிறோம். தலைமையாசிரியர் அன்பானவர், டீ வாங்கித் தருகிறார். ஆனால் "அடுத்த வாரமும் வருவீர்களா?" என்று அவர் கேட்கும் விதத்தில் நம்பிக்கை தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வாரம் கிளம்பும்போது ஒரு மாணவி கேட் வரை கூடவே வந்தாள். "அக்கா, எங்கள் அண்ணன் ஐடிஐ முடித்திருக்கிறான். எனக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் கிடைக்குமா?" என்று கேட்டாள். எங்கள் ஏழு பேருக்கும் தெரியவில்லை. என் அப்பா அம்மா இருவரும் வங்கியில் வேலை பார்க்கிறார்கள். என் சான்றிதழ்கள் எல்லாம் எப்படி வந்தன என்றே எனக்குத் தெரியாது. விசாரித்துச் சொல்கிறேன் என்று பஸ் ஏறிவிட்டேன். வழியெல்லாம் வெட்கமாக இருந்தது.

பாடம் நடத்தும் முறையை மாற்ற வேண்டுமா, அல்லது நாங்கள் செய்வதே தேவையில்லாத வேலையா? இதில் இறங்கிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


ஜெராக்ஸ் அக்கா எழுதியது:

அந்தப் பெண் ஒரு வாரமாகக் காத்திருக்கிறாள், முதலில் அவளுக்குப் பதில். கிடைக்கும். ஐடிஐ பட்டப்படிப்பு அல்ல. குடும்பத்தில் வேறு யாரும் பட்டதாரி இல்லையென்றால் அவள்தான் முதல் பட்டதாரி. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று அது மேசை மேசையாக நகரும். இப்போது போட்டால் நிதானமாக வரும். தேர்வு முடிவு வந்த பிறகு போட்டால் வட்டமே அந்த வரிசையில் நிற்கும்.

இனி உங்கள் கேள்வி. அறுபது பேர் வந்தது உங்களைப் பார்க்க. பதினொரு பேர் வந்தது பாடத்துக்கு. கேட் வரை வந்தாளே ஒருத்தி, அவள் வந்ததுதான் உங்களால் மட்டும் ஆகக்கூடிய வேலைக்கு.

நான் 2020 முதல் 2024 வரை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தேன். முதல் ஆண்டு முழுக்கக் கணினித் திரையில் போயிற்று. அதன்பின் மூன்று ஆண்டுகள், கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரி இறங்கி, பழவேற்காடு பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளிக்குப் போய்வந்தேன். ஆரம்பத்தில் நானும் நுண்கணிதம்தான் நடத்தினேன். அந்தப் பள்ளியின் கணக்கு ஆசிரியை என்னைவிடப் பத்து மடங்கு நன்றாக நடத்துவார் என்பது எனக்குத் தெரிய இரண்டு மாதம் ஆயிற்று. அவரிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. பொறியியல் இடங்களை ஒதுக்கும் கலந்தாய்வு என்ற குளத்தில் நான் அண்மையில்தான் விழுந்து எழுந்திருந்தேன், உடம்பில் ஈரம் காயவில்லை.

2022இல் ஒரு பையன். அப்பா மீன்பிடித் தொழிலாளி, வீட்டுக்கு ஒரே செல்பேசி, அதுவும் படகோடு கடலுக்குப் போய்விடும். அதனால் விண்ணப்பம் போட்ட பிரவுசிங் சென்டர்க்காரர் நல்ல மனதோடு தன் எண்ணையே கொடுத்துவிட்டார். மின்னஞ்சலும் அவருடையது, கடவுச்சொல்லும் அவருக்குத்தான் தெரியும். தற்காலிக ஒதுக்கீடு வந்தது. இரண்டு நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும். கடை பூட்டிக் கிடக்கிறது. விசாரித்தால் அவர் வீட்டில் மஞ்சள் நீராட்டு விழா. இரண்டாம் நாள் மதியம் நானும் அந்தப் பையனும் மண்டபத்துக்கே போனோம். மனிதர் பந்தியில் இருந்தார். சாம்பார்க் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் போனை எடுத்து ஓடிபியின் ஆறு எண்களையும் உரக்க வாசித்தார். பக்கத்து இலைக்காரரும் கூடவே வாசித்தார். பையன் இப்போது இயந்திரப் பொறியியல் கடைசி ஆண்டில் இருக்கிறான். அந்த மண்டபத்தில் எங்களையும் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்கள்.

அது நன்றாக முடிந்த கதை. முடியாத கதை ஒன்றும் இருக்கிறது.

2023இல் ஒரு மாணவி. விருப்பப் பட்டியல் நிரப்பும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு ஓர் அரசுக் கல்லூரியில் மின்னியல் படிக்க ஆசை. "அது கிடைக்காது அக்கா. கிடைக்கிற கல்லூரியை மேலே போட்டால்தான் இடம் உறுதி" என்றாள். எனக்கும் அது சரி என்றே பட்டது. நான் படித்த கல்லூரியை என் பட்டியலில் முதலில் போட்டது நானில்லை, என் மாமா. உண்மையில் அந்த மென்பொருள் செய்வது மிக எளிய வேலை. உங்கள் முறை வரும்போது, பட்டியலை மேலிருந்து படித்துக்கொண்டே வந்து, காலியாக இருக்கும் முதல் இடத்தை எடுத்துக் கொடுத்துவிடும். கீழே எழுதியதை எட்டிக்கூடப் பார்க்காது. ஆசைப்பட்டதை மேலே எழுதுவதால் பாதுகாப்பான இடம் பறிபோகாது. பாதுகாப்பானதை மேலே எழுதினால் ஆசைப்பட்டது நிச்சயம் போய்விடும். அவளுக்கு வீட்டுக்கு அருகில் ஒரு தனியார் கல்லூரி கிடைத்தது. பிறகு அந்த அரசுக் கல்லூரியின் கடைசி கட்-ஆஃப், அதாவது அங்கே கடைசியாக இடம் பெற்றவரின் தரவரிசை மதிப்பெண், வெளிவந்தபோது பார்த்தேன். அவளுடையது அதைவிட மூன்று கூடுதல். அவளிடம் இதை நான் இன்றுவரை சொல்லவில்லை. அவள் மகிழ்ச்சியாகத்தான் படிக்கிறாள், சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

அந்தக் கல்வியாண்டிலேயே கணக்கு வகுப்பை விட்டேன். டிசம்பரிலேயே ஒரு நீள நோட்டுப் புத்தகம் போட்டேன். ஒரு மாணவருக்கு ஒரு வரி. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை எந்தெந்தப் பள்ளி, சாதிச் சான்றிதழ் கையில் இருக்கிறதா, அதில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா, வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா, வீட்டில் எந்தப் போன் யார் கையில் எந்நேரம் இருக்கும். இந்தக் கடைசிக் கட்டத்தை எந்த அரசு படிவமும் கேட்காது. பெயர்க் கட்டம்தான் எல்லோரையும் படுத்தியது. ஒன்றில் இன்ஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயரே மகள் பெயராக. எந்நேரமும் கையில் நகல் கட்டோடு அலைந்ததால்தான் இந்தப் பட்டப்பெயர்.

பள்ளிகளின் பெயரை ஏன் எழுத வேண்டும் என்றால், 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020இல் மருத்துவத்தில் தொடங்கி, 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் வரை வந்தது. இதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே செலுத்துகிறது. அரசு உதவி பெறும் பள்ளி இந்தக் கணக்கில் வராது. பாட்டி வீட்டில் தங்கி ஓராண்டு உதவி பெறும் பள்ளியில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். ஜூலையில் கணினி முன்னால் அதைத் தெரிந்துகொள்வதைவிட டிசம்பரில் உங்களிடமிருந்து தெரிந்துகொள்வது மேல். அப்போது அழுதுவிட்டு வேறு வழி பார்க்க நேரம் இருக்கும்.

பொறியியல் கலந்தாய்வில் அரசுப் பள்ளி மாணவர்கள் பொதுப் பிரிவிலும் 7.5 பிரிவிலும் சேர்ந்தே கலந்துகொள்ளலாம். இரண்டுக்கும் தனித்தனிப் பட்டியல் நிரப்ப வேண்டும். பொதுப் பிரிவில் ஒரு பெயர்பெற்ற கல்லூரி கிடைத்தது என்று துள்ளிக் குதித்து உறுதி செய்துவிட்டால், அரசு முழுக் கட்டணம் செலுத்தும் சலுகை அதற்குக் கிடையாது. முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை மட்டும்தான் இருக்கும். எது வேண்டும் என்பதை வீட்டில் உட்கார்ந்து, பணத்தைக் கணக்குப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பிரவுசிங் சென்டரில், பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது முடிவு செய்யக் கூடாது.

எனவே என் யோசனை: போன ஆண்டின் கட்-ஆஃப் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு போங்கள். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது, மொத்தம் 200. அரையாண்டு மதிப்பெண்ணை வைத்து ஒவ்வொருவரும் தன் கட்-ஆஃப் போடட்டும். ஒரு தாளில் முப்பது விருப்பங்களை எழுதட்டும். நீங்கள் கணினியாக நடியுங்கள். உயர்ந்த கட்-ஆஃப் முதல் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, மேலிருந்து படித்து, காலியான முதல் இடத்தைக் கொடுங்கள். ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும். எங்கள் பள்ளியில் இந்த விளையாட்டுக்கு வராதவர்களே இல்லை. 'ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் மேலே உள்ளது காலியானால் அதைக் கொடு' என்பதற்கும் 'இது வேண்டாம், அடுத்த சுற்றுக்குப் போகிறேன்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அங்கேயே நடித்துக் காட்டலாம்.

கடைசியாக ஒன்று. பள்ளி மூடியதும் உங்கள் 120 மணி நேரக் கணக்கும் மூடிவிடும். உங்களுக்குப் பருவத் தேர்வு, பிறகு விடுமுறை. அவர்களுக்கு உங்கள் தேவை மே மாதத்தில்தான் தொடங்கும். மே முதல் செப்டம்பர் வரை போன் எடுப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தவர்கள் ஏழு பேரில் எத்தனை பேர் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். இரண்டு பேர் என்றால் இருபது மாணவர்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.


சாக்பீஸ் தூள் எழுதியது:

அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் முதுகலை ஆசிரியராக இருக்கிறேன். மேலே எழுதிய அம்மையார் அனுபவசாலி, பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கணக்கை விடச் சொல்வது சரியில்லை. அந்தப் பதினொரு பேர் எதற்கு வருகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? கட்-ஆஃப் இருந்தால்தான் பட்டியல். ஓர் அறையில் நோட்டுப் புத்தகம், இன்னொரு அறையில் கணக்கு. ஏழு பேர் இருக்கிறீர்களே.

எங்கள் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். டிசம்பரில் அரையாண்டு, பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத் தேர்வு. இந்தக் காலத்தில் திடீரென்று வந்து "ஒரு மணி நேரம் கொடுங்கள், ஊக்க உரை ஆற்றுகிறோம்" என்று நிற்பவர்களைக் கண்டால் எனக்குச் சற்று எரிச்சல்தான் வருகிறது. பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுத்துப் போகிறார்கள், அதற்கப்புறம் அவர்களைக் காண்பதில்லை. நீங்கள் நான்கு வாரம் வந்துவிட்டீர்கள். அதனால்தான் உங்கள் தலைமையாசிரியர் டீ வாங்கித் தருகிறார். சந்தேகம் தீர அவருக்கு இன்னும் ஆறு வாரம் பிடிக்கும்.

அரசுத் தரப்பில் ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 'நான் முதல்வன்' திட்டம் 2022இல் வந்தது, அதையொட்டி உயர்கல்விக்கு வழிகாட்டும் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகள் நடக்கின்றன. எங்கும் சேராமல் விடுபட்டவர்களுக்கு 'உயர்வுக்குப் படி' முகாம் இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெரிய மண்டபம், மேடை, ஒலிபெருக்கி. என் மாணவி ஒருத்தி அங்கே கை தூக்கி, "என் அப்பாவுக்கு இரண்டு மனைவிகள், குடும்ப அட்டையில் எங்கள் பெயர் இல்லை, வருமானச் சான்றிதழுக்கு என்ன செய்வது?" என்று கேட்பாளா? உங்களிடம் கேட்பாள். என்னிடம்கூடக் கேட்கமாட்டாள்.

இன்னொரு குறை. நீங்கள் பொறியியல் படிக்கிறீர்கள், அதனால் உலகமே பொறியியலாகத் தெரிகிறது. என் வகுப்பில் பாதிப் பேர் அரசு கலை அறிவியல் கல்லூரிக்குப் போகிறவர்கள். அதற்கு இணையத்தில் விண்ணப்பிக்க 50 ரூபாய்தான், பட்டியலினத்தவருக்கு 2 ரூபாய். 50 ரூபாய் விண்ணப்பத்துக்கு 300 ரூபாய் வாங்கிய கடையை நான் பார்த்திருக்கிறேன். பெண் பிள்ளைகள் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில் கட்டணமில்லா நகரப் பேருந்து அந்த வழியில் போகிறதா என்பதற்குப் பெரிய இடம் உண்டு. இதைக் கேட்டு யாரும் சிரிக்காதீர்கள், அது நல்ல கணக்கு. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, பையன்களுக்கும் 2024 ஆகஸ்டு முதல் தமிழ்ப் புதல்வன் வந்துவிட்டது. பஸ் செலவு இல்லையென்றால் அந்த ஆயிரம் அப்படியே கையில் நிற்கும்.

உங்கள் பள்ளி பச்சைமலை அடிவாரம் என்கிறீர்கள். மலைமேலிருந்து இறங்கிவரும் பழங்குடி மாணவர்கள் இருப்பார்கள். பழங்குடியினர் சான்றிதழை வட்டாட்சியர் கொடுக்க முடியாது, கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். விசாரணை உண்டு, நாள் பிடிக்கும். நோட்டுப் புத்தகத்தில் அவர்கள் வரியிலிருந்து தொடங்குங்கள்.


பருத்திக்காடு எழுதியது:

நான் மறுபக்கத்து ஆள். பெரம்பலூர் மாவட்டத்து அரசுப் பள்ளியிலிருந்து 7.5 ஒதுக்கீட்டில் வந்து, கோயம்புத்தூரில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் பள்ளிக்கும் சனிக்கிழமைகளில் அண்ணன்கள் வந்தார்கள். நான் இரண்டு வாரம் போனேன், அப்புறம் போகவில்லை. பாடம் பிடிக்காமல் இல்லை. நவம்பரில் பருத்தி வெடிக்கும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அம்மாவோடு பருத்தி எடுக்கப் போனால்தான் வீட்டில் பேச்சு வாங்காமல் இருக்கலாம். துறையூர்ப் பக்கமும் நிலைமை பெரிதாக மாறியிருக்காது என்று நினைக்கிறேன். ஐம்பது பேர் உங்களைப் பிடிக்காமல் நின்றுவிட்டார்கள் என்று நினைத்து வருந்த வேண்டாம். எங்கே போனார்கள் என்று அந்தப் பதினொரு பேரிடம் கேளுங்கள், சொல்வார்கள். எங்களுக்கு வந்த அண்ணன் ஒருவர் அப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டு, வெள்ளிக்கிழமை மாலை கடைசி இரண்டு பிரிவேளைக்கு மாற்றிக்கொண்டார். நான் மறுபடி போனேன்.

கணக்கு நடத்துவதா வேண்டாமா என்பதில் என் கருத்து. நான் தமிழ் வழியில் படித்தவன், கணக்கில் 94. கல்லூரியில் முதல் வாரம் பேராசிரியர் 'டெரிவேட்டிவ்' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஏதோ புதிய பாடம் என்று பயந்து, விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கரும்பலகையில் எழுதிய பிறகுதான் அது நம்முடைய வகைக்கெழு என்று தெரிந்தது. அந்த அண்ணன் கிளம்பும்போது கொடுத்த நான்கு தாள்கள் என்னிடம் இருந்தன. இந்தப் பக்கம் நம் சொல், அந்தப் பக்கம் அவர்கள் சொல், தமிழ் எழுத்திலேயே. தொகையிடல் என்றால் இன்டக்ரேஷன், அணி என்றால் மேட்ரிக்ஸ், மின்தேக்கி என்றால் கெபாசிட்டர், முடுக்கம் என்றால் அக்சலரேஷன். வாங்கும்போது இதென்ன சின்னப் பிள்ளை விளையாட்டு என்று நினைத்தேன். முதல் பருவம் முழுக்க அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஆங்கிலத்தில் பேசப் பயிற்சி கொடுப்பதற்கு முன் அந்தத் தாளைக் கொடுங்கள் அக்கா.

அந்த அண்ணன் அக்டோபரில் ஒரு நாள் போன் செய்தார். "விடுதிச் சாப்பாடு எப்படி?" என்று மட்டும்தான் கேட்டார். அன்றைக்கு நான் பெட்டியைக் கட்டி வைத்திருந்தேன்.


காவிரிப்பாலம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

மே முதல் செப்டம்பர் வரை யார் இருப்பீர்கள் என்று கேட்டேன். என்னோடு சேர்த்து மூன்று பேர் கை தூக்கினோம். மற்ற நால்வர் கணக்கு வகுப்பைப் பார்த்துக்கொள்கிறார்கள், அதில் இருவர் சொற்பட்டியல் தயாரிக்கிறார்கள். இயற்பியலில் மட்டும் இதுவரை 140 சொற்கள் சேர்ந்திருக்கின்றன. 'நிலைமம்' என்பதற்கு எங்களில் ஒருவனுக்கே ஆங்கிலச் சொல் தெரியவில்லை. அவன் ஆங்கில வழியில் படித்தவன்.

மற்றவர்கள் எங்கே என்று கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். பருத்தி, மக்காச்சோளம், இரண்டு பேர் துறையூரில் துணிக்கடை, ஒருவன் கேட்டரிங். தலைமையாசிரியரிடம் வெள்ளி மாலை தர முடியுமா என்று கேட்டேன். யோசித்து, வியாழன் தருகிறேன் என்றார். எங்களுக்கு வியாழன் மதியம் ஆய்வக வகுப்பு. எங்கள் பேராசிரியரிடம் இனிமேல்தான் பேச வேண்டும்.

கேட் வரை வந்த மாணவி இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டாள், ரசீதைக் கொண்டுவந்து காட்டினாள். நீள நோட்டுப் புத்தகம் வாங்கியாயிற்று. பதினெட்டு வரிகள் நிரம்பியிருக்கின்றன. ஆறு பேருக்குப் பெயரில் சிக்கல். மலையிலிருந்து வருகிறவர்கள் நான்கு பேர், அதில் இருவருக்குப் பழங்குடிச் சான்றிதழ் இன்னும் இல்லை. துறையூரில் கேட்டால் முசிறிக்குப் போகச் சொல்கிறார்கள். ஒரு பையனின் சாதிச் சான்றிதழ் திருப்பூரில் அவன் பெரியப்பா வீட்டுப் பீரோவில் இருக்கிறதாம். அவர் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது எடுத்துவருவார். அந்தக் கட்டத்தில் 'பொங்கல்' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.